படகு வீட்டுக்கு முன்பணம் கட்டுமுன்

கே: பொங்கல் விடுமுறையில் ஆலப்புழையில் குடும்பத்தோடு ஓரிரவு படகு வீட்டில் தங்க எண்ணம். எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்? நம் கடலில் ஏன் இப்படி விடுவதில்லை?
– வாசகி, தொண்டி

ப: ஏசி எத்தனை மணி நேரம் என்பதை முதலில் கேளுங்கள். கட்டணம் குறைந்த படகுகளில் பெரும்பாலும் இரவு 9 முதல் காலை 6 வரைதான். 'ஒரு நாள்' என்பதும் பகல் 12-க்கு ஏறி மறுநாள் 9-க்கு இறங்குவதுதான். அதிலும் மாலை 5.30 வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள். அதன்பின் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். சாப்பாட்டுக்கு நிறுத்துவதையும் கழித்தால் ஓட்டம் நாலு மணி நேரம் தேறினால் அதிகம். குறுகிய கால்வாய்க்குள் படகு வீடு நுழையாது, அதற்கான சிறு படகான சிக்காராவுக்குத் தனி வாடகை. கடலின் உப்புநீர் காயலுக்குள் வராமல் தடுக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையை டிசம்பர் நடுவில் அடைத்தால் ஆகாயத்தாமரை தேங்கும். அதன் தண்டு படகின் விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றுபோவதுண்டு. எந்த வழியாக ஓட்டுவார்கள் என்று கேட்டு வையுங்கள். உயிர்காப்பு உடுப்பு குழந்தைகள் அளவிலும் இருக்க வேண்டும்.

கடலில் ஏன் விடுவதில்லை என்றால், கெட்டுவள்ளம் எனப்படும் அந்தப் படகு வீடு அயினி மரப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்தது. தட்டையான அடி, மேலே காற்றைப் பிடிக்கும் கூரை. காயலுக்குச் சரி, வாடைக்காற்றில் பாக் நீரிணை அலையைத் தாங்காது. படகில் போகும் ஆசைக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையே படகு விடுகிறது. கடல்நீர் வற்றும் நேரத்தில் படகு தரை தட்டும், நீரேற்ற நேரம் விசாரித்துப் போங்கள்.