மூன்று பவுணும் ஒரு சப்வூபரும்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் அரச ஊழியன் நான். லீசிங்கில் எடுத்த சிறிய காரில், கம்பனி பூட்டிய செட்டில் பேஸ் சத்தமே இல்லை. வாகன செட் பூட்டும் கடையில் வேலை செய்யும் மச்சான், 12 அங்குல சப்வூபர் (பேஸ் சத்தத்துக்கான ஒலிபெருக்கி), அம்பிளிபயர், பெட்டி, வயர், கூலி எல்லாம் சேர்த்து 115,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மனைவியின் 3 பவுண் நகை 210,000 ரூபாய்க்கு, ஆண்டு வட்டி 18 சதவீதத்தில் அடைவில் இருக்கிறது. நான்கு மாதத்தில் சீட்டைப் புதுப்பிக்கும்போது, பவுண் விலை கூடியிருப்பதால் இந்தக் காசையும் சேர்த்து எடுக்கலாமா? சம்பளம் கையில் 92,000, லீசிங் 31,500, வீட்டுச் செலவு 52,000.

பதில்: எடுக்க வேண்டாம். சப்வூபர் ஆசையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஓடுகிறவருக்குப் பாட்டுத்தான் துணை. என் கண்ணில் பட்டது, கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அடைவுச் சீட்டின் வரலாறு.

முதலில் வைத்தது 140,000. ஓராண்டு முடிந்ததும் வட்டி 25,200 ரூபாயைக் கட்டாமல், அதையும் சேர்த்து 175,000 ரூபாய்க்குப் புதுச் சீட்டு எழுதி, மிச்சம் 9,800 ரூபாயை டயருக்குக் கொடுத்தீர்கள். மறு ஆண்டு வட்டி 31,500. சீட்டு 210,000 ஆனது, கையில் வந்தது 3,500. ஆக, உங்கள் கைக்கு வந்த காசு மொத்தம் 153,300 ரூபாய்தான்; மீதி 56,700 ரூபாய் வட்டி, முதலாக வேடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பவுண் விலை ஏறுவதால் அடைவுக் கடைக்காரர் கூடுதலாகத் தர முன்வருகிறார், நீங்களும் அதை வருமானம் போல எண்ணிக்கொள்கிறீர்கள். விலை ஏறியது உங்கள் மனைவியின் நகைக்கு. அந்த ஏற்றத்தை ஆண்டுதோறும் தின்றுகொண்டிருப்பது உங்கள் சீட்டு.

இந்த முறையும் அப்படியே செய்தால், 210,000, அதன் வட்டி 37,800, மச்சானின் 115,000 எல்லாம் சேர்ந்து 362,800 ரூபாய். அடுத்த ஆண்டு வட்டி மட்டும் ஏறக்குறைய 65,300, அதாவது மாதம் 5,400 ரூபாய்க்கு மேல். சப்வூபருக்கான பங்கை மட்டும் இதே பழக்கத்தில் மூன்றாண்டு உருட்டினால் அது 189,000 ரூபாயை எட்டும். ‘வட்டியில்லாத் தவணை’ என்று கடனட்டைக்காரர்கள் விளம்பரம் செய்வதைக் கண்டு அந்தப் பக்கம் திரும்பவும் வேண்டாம். கையாளும் கட்டணம் என்றோ, ரொக்கத்துக்குக் கிடைக்கும் கழிவு இல்லை என்றோ அந்த வட்டி வேறு பெயரில் வந்துவிடும்.

செலவு போக உங்களிடம் மாதம் 8,500 ரூபாய் மிஞ்ச வேண்டும், ஆனால் ‘எங்கே போகிறதென்று தெரியவில்லை’ என்கிறீர்கள். சம்பளத்தன்றே அதைத் தனியாக எடுத்து வைத்தால் நான்கு மாதத்தில் 34,000. வட்டிக்குக் குறையும் 3,800 ரூபாயை வீட்டுச் செலவில் பிடித்துக் கட்டி, அதே 210,000 ரூபாய்க்கு மட்டும் புதுப்பியுங்கள். அப்போது காப்புகளுக்கு ஒன்று, சங்கிலிக்கு ஒன்று எனத் தனித்தனிச் சீட்டுக் கேளுங்கள். ஒன்றையாவது முன்னதாக மீட்க வழி பிறக்கும். பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்பதையும் கேளுங்கள். விட்டால், புதுப்பித்த பின் மாதாமாதம் கட்டும் அந்த 8,500 ஓராண்டில் கடனைச் சுமார் 140,000 ரூபாய்க்கு, நீங்கள் முதல் நாள் வைத்த தொகைக்கே, இறக்கிவிடும்.

மச்சானிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1000 வாட் உச்ச அளவா, தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ் அளவா? சிறிய காருக்கு டிக்கியை விழுங்கும் 12 அங்குலப் பெட்டி எதற்கு, அம்பிளிபயர் உள்ளேயே அமைந்த இருக்கைக்கு அடியில் வைக்கும் 8 அங்குல சப்வூபர் போதாதா? அதற்கும் பற்றரியிலிருந்து தனி வயரும், பற்றரிக்கு அருகிலேயே பியூசும் வேண்டும். லீசிங் முடியும் வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் கம்பனிதான் என்பதால், வயரில் கை வைக்குமுன் அவர்களிடமும் காப்புறுதிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். 26 மாதத்தில் லீசிங் முடிந்ததும் மாதம் 31,500 ரூபாய் விடுபடும். முதலில் நகையை மீட்டுவிட்டு, அடுத்த சில மாதச் சேமிப்பில் ரொக்கமாகவே வாங்கிப் பூட்டுங்கள்.