பொறியில் விழுவது ஆண் பூச்சி: இனக்கவர்ச்சிப் பொறி கேள்வி பதில்

போன வாரம் எங்கள் மடிப்பாக்கத்து மாடியில் தொங்கும், கத்தரிச் செடியின் அந்துப்பூச்சிக்கான இனக்கவர்ச்சிப் பொறியைப் பற்றிச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிப்பேர் கேட்பது ஒரே விஷயம்தான் என்பதால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

மேடவாக்கத்திலிருந்து: அக்கா, பத்து கத்தரிச் செடி வச்சிருக்கேன். பொறி மாட்டி மூணு வாரம் ஆச்சு, தினமும் நாலஞ்சு அந்துப்பூச்சி விழுது. ஆனா காயில ஓட்டை குறையவே இல்ல. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

ஏமாற்றவில்லை தம்பி. பொறி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, நாம்தான் அதனிடம் வேறு வேலையை எதிர்பார்க்கிறோம். பொறிக்குள் மாட்டியிருக்கும் ரப்பர் குப்பியில் இருப்பது பெண் அந்துப்பூச்சி ஆணைக் கூப்பிட விடும் வாசனையின் நகல். அதை நம்பி வருவது ஆண் மட்டும். காயில் முட்டை வைக்கும் பெண் அந்தப் பக்கமே வராது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது, அதனால் நான்கைந்து ஆண் செத்ததால் முட்டை குறைந்துவிடாது. அதோடு உங்கள் மாடிக்கு வரும் பெண் வேறெங்கோ ஆணோடு சேர்ந்துவிட்டே பறந்து வந்திருக்கும். ஏக்கர் கணக்கில் கத்தரி போட்டிருக்கும் ஊரில் எல்லோரும் சேர்ந்து நிறையப் பொறி வைத்தால் ஆண்களை அள்ளிப்பிடித்து முட்டையைக் குறைக்கலாம். பத்துத் தொட்டிக்கு அது நடக்காது.

அப்படியென்றால் எதற்குப் பொறி? எப்போது செடியை உற்றுப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். இன்று பூச்சி விழுந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து புழு நுனித்தண்டுக்குள் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் மற்ற கிளையெல்லாம் நிமிர்ந்து நிற்க, ஒரு நுனி மட்டும் துவண்டு தொங்கும். அதைக் கிள்ளி நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள், உள்ளே எச்சத்துக்கு நடுவே இளஞ்சிவப்புப் புழு நெளியும். அந்த நுனியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், செடியடியில் வீசிவிடாதீர்கள். காயில் நீங்கள் பார்க்கும் பெரிய ஓட்டை புழு உள்ளே போன வழி இல்லை, தின்று முடித்து வெளியே வந்த வழி. உள்ளே போன துளை காம்பு பக்கம் எச்சத்தால் அடைபட்டு கண்ணுக்கே தெரியாது. ஓட்டையைப் பார்த்துவிட்டு மருந்து அடிப்பதில் பலனே இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பத்துச் செடிதான் என்றால் நைலான் வலை போட்டு மூடுங்கள், பூத்ததும் காலையில் செடியை லேசாக உலுக்கிவிடுங்கள், காய் பிடிக்கும்.

பெரம்பூரிலிருந்து: பாகல் பந்தலில் பழ ஈ பொறி கட்டி ஒரு மாதம் ஆகிறது. ஒரு ஈ கூட விழவில்லை, ஆனால் காய் எல்லாம் மஞ்சளாகி அழுகி உள்ளே புழு.

நீங்கள் வாங்கியது மாமரத்துக்கான லூராக (பூச்சியை இழுக்கும் வாசனைப் பொருள்) இருக்கும். அட்டையில் மெத்தில் யூஜினால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மா, கொய்யாவைத் தாக்கும் ஈ அதற்குத்தான் வரும். பாகல், புடலை, பீர்க்கு, சுரையைக் கெடுப்பது வேறு ஈ, அதற்குக் கியூலூர் என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் இரண்டையும் "பழ ஈ பொறி" என்று ஒரே பெயரில்தான் தருகிறார்கள், டப்பாவும் ஒரே மாதிரி. நானும் முதல் வருடம் இதே தவற்றைச் செய்து, பொறி காலியாக இருக்கிறது, ஈ இல்லை என்று நம்பி, ஒரு பந்தல் பீர்க்கை முழுக்க இழந்தேன். காலிப் பொறியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். முதலில் லூர் சரியா, பழசா என்று பாருங்கள். இப்போதைக்குக் குத்துப்பட்ட பிஞ்சுகளையெல்லாம் பறித்து, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, வெயிலில் வையுங்கள். மண்ணில் விட்டால் புழு இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும்.

அண்ணாநகர்: வீட்டில் ஒரு பங்கனப்பள்ளி மரம். எப்போது கட்டலாம்?

பழுக்க ஆரம்பித்த பிறகு கட்டினால் தாமதம். பறிப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே, நிழலான கிளையில், தலை உயரத்தில் ஒன்றோ இரண்டோ கட்டுங்கள். கம்பியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரிசையாக ஏறிச் செத்த ஈயைத் தூக்கிக்கொண்டு போய்விடும், உங்கள் எண்ணிக்கை பொய்யாகும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குவது பொறியைவிட முக்கியம்.

வேளச்சேரி: பொறி வைத்தால் பக்கத்து வீட்டுப் பூச்சியெல்லாம் நம் வீட்டுக்கு வந்துவிடாதா?

சில வரும். கத்தரி, பழ ஈ லூருக்கு வருவது ஆண், அது முட்டை வைக்காது. பயம் வேண்டாம்.

ஆனால் தென்னைக்கு இந்தப் பதில் பொருந்தாது. கோவளம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஐயா ஒருவர் காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு இரண்டுக்கும் பொறி கேட்டிருந்தார். இந்த இரண்டிலும் வாசனை விடுவது ஆண், வருவது ஆணும் பெண்ணும். அதனால் இங்கே பொறி உண்மையாகவே வண்டைக் குறைக்கும், ஆனால் தவறான இடத்தில் வைத்தால் பெண் வண்டைத் தோப்புக்குள் அழைத்துவந்தது போலாகும். இளங்கன்று பக்கம் கட்டவே கட்டாதீர்கள் ஐயா, தோப்பின் ஓரத்தில் கம்பு நட்டுத் தொங்கவிடுங்கள். கூன்வண்டுக்கு வைக்கும் வாளிப் பொறியில் லூர் மட்டும் போதாது, புளித்த கரும்புத் துண்டோ அன்னாசியோ தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், காய்ந்துபோனால் வண்டு வராது. காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் பெருகும், குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்காமல் பொறி மட்டும் கட்டினால் முடிவே இருக்காது.

திருவான்மியூர்: தென்னை ஓலையில் வெள்ளை ஈக்கு எந்த லூர்?

லூர் இல்லை அம்மா. அதற்கு ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிதான். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள்.

பொன்னேரி: சம்பா நெல்லில் குருத்துப்பூச்சி. பொறியில் விழுந்தால் உடனே மருந்து அடிக்கலாமா?

உடனே வேண்டாம் அண்ணே. பொறியில் விழ ஆரம்பித்ததும் வயலில் இறங்கிப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், அல்லது 10 சதவீதம் நடுக்குருத்து காய்ந்திருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன்பே, அந்து விழும் அந்த நாட்களில், டிரைக்கோகிரம்மா என்ற சின்னஞ்சிறு குளவியின் முட்டை ஒட்டுண்ணி அட்டையைக் கட்டுங்கள். ஒட்டுண்ணி முட்டையைத்தான் அழிக்கும், புழு தண்டுக்குள் போனபிறகு கட்டிப் பயனில்லை. சரியான நாளைச் சொல்வது பொறிதான், எனக்குப் பொறி பிடித்துப்போனதே இதனால்தான்.

குரோம்பேட்டை: குழந்தைகள் இருக்கும் வீடு. லூர் விஷமா? எப்படிப் பத்திரப்படுத்துவது?

கத்தரி லூரில் இருப்பது சில மில்லிகிராம் வாசனைப் பொருள், பூச்சிக்கொல்லி இல்லை. 1959இல் ஜெர்மனியில் பூட்டனான்ட் முதன்முதலாக ஒரு பூச்சியின் இனக்கவர்ச்சிப் பொருளைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன, அவ்வளவு நுணுக்கமான அளவில் வேலை செய்யும் பொருள் இது. பழ ஈ பொறியில் தொங்கும், லூரில் ஊறவைத்த கட்டை மட்டும் வேறு: சிலவற்றில் மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருக்கும், அட்டையைப் படித்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். பிரிக்காத பாக்கெட்டை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மாட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கொசு கிரீம் தடவிய கையால் தொடாதீர்கள், ஒரு லூரைத் தொட்ட கையுறையோடு இன்னொன்றைத் தொடாதீர்கள். கத்தரி லூரை மாதம் ஒருமுறை மாற்றுங்கள், மாற்றிய தேதியைப் பொறியின் மூடியிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். பழைய குப்பியைச் செடியடியில் போட்டால் அதுவும் கொஞ்சம் மணந்துகொண்டிருக்கும், குப்பைத்தொட்டியில் போடுங்கள்.