உளுந்துக்கும் சிறுபயறுக்கும் என்ன உறவு? விதைப் புரதம் குறித்த கேள்வி பதில்

செடிகளுக்குள் உள்ள உறவை அறிய, பூவும் காயும் கண்ணெதிரே இருக்கும்போது விதைக்குள் இருக்கும் புரதத்தைத் தேடிப் போவது ஏன், ஐயா? (தாவரவியல் மாணவி, பாளையங்கோட்டை)

பூவும் காயும்தான் முதல் சான்று. ஆனால் தொலைவான இரு செடிகள் ஒரே வகைச் சூழலில் வாழ்ந்து ஒரே சாயலைப் பெறுவதும், நெருங்கிய இரு செடிகள் தோற்றத்தில் விலகிப் போவதும் உண்டு. மரபணு விதித்த வரிசையில் அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டே புரதம் உருவாகிறது என்பதால், அதில் தெரியும் ஒற்றுமை மரபின் ஒற்றுமைக்கு வெகு அருகில் நிற்கிறது. இலையின் புரதம் தளிருக்கும் பழுப்புக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். முற்றிக் காய்ந்த விதையிலோ, முளைக்கப்போகும் கருவுக்கென்று தாய்ச்செடி சேர்த்துவைத்த சேமிப்புப் புரதம் அப்படியே இருக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ஆஸ்பர்ன் விதைப் புரதங்களை அவை எதில் கரைகின்றன என்பதைக் கொண்டு நான்காகப் பிரித்தார். அவற்றுள் உப்புநீரில் கரையும் குளோபுலின்தான் பயறுகளில் மிகுதி. லெகுமின், விசிலின் என்பவை அதன் இரு பெரும் பிரிவுகள்.

இதைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்ட வழி உண்டா? (ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

முதற்படியைக் காட்டலாம். சிறுபயற்றை நைசாக மாவாக்கி, உப்புக் கரைத்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தெளியவிடுங்கள். தெளிந்த மேல்நீரை மட்டும் இறுத்து, அதைப் போலப் பல மடங்கு குளிர்ந்த நல்ல நீரில் ஊற்றினால், கஞ்சித் தண்ணீர்போல வெண்மையாகக் கலங்கும். உப்புக் குறைந்ததும் கரைந்திருக்க முடியாமல் வெளியே வந்த குளோபுலின்தான் அது.

அடுத்த படிக்கு ஆய்வகம் வேண்டும். 1970இல் லேம்லி என்னும் ஆய்வாளர் வெளியிட்ட முறையைத் தழுவி, புரதத்தைச் சோடியம் டோடெசில் சல்பேட் என்னும் சோப்புப் போன்ற பொருளுடன் சேர்த்துக் காய்ச்சி, ஜெல் என்னும் கூழ்போன்ற தகட்டில் ஏற்றி மின்சாரம் செலுத்துவார்கள். சிறிய மூலக்கூறு விரைந்தும் பெரியது மெதுவாகவும் நகரும்; பிறகு கூமாசி நீலச் சாயமிட்டால் அவை நின்ற இடங்கள் நீலக் கோடுகளாகத் தெரியும். இதில் நான் எப்போதும் வியந்து பார்ப்பது லெகுமினை. அதன் ஒவ்வோர் அலகும் ஏறத்தாழ 60 கிலோடால்டன் (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) எடையுள்ளது. கந்தகப் பிணைப்பை முறிக்கும் மெர்காப்டோஎத்தனாலைச் சேர்த்ததும் அந்தக் கோடு மறைந்து, 40, 20 என்னும் அளவுகளையொட்டி இரண்டு தொகுதிகளாகப் பிரிந்து நிற்கும். விசிலினில் அத்தகைய பிணைப்பு இல்லாததால் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

அண்ணாச்சி, நெல் அறுத்த வயலில் உளுந்தும் சிறுபயறும் விதைக்கிறோம். செடி ஒன்றுபோலவே இருக்கிறதே, இரண்டும் ஓரினம்தானா? (விவசாயி, சேரன்மகாதேவி)

ஓரினம் அல்ல, தம்பி; ஆனால் ஒரே பேரினத்தின், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த ஒரே தொகுதியின், பங்காளிகள். செடிகளுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் இரண்டையும் பீன்ஸ் இருக்கும் ஃபேசியோலஸ் பேரினத்தில் வைத்திருந்தார். சிறுபயறு 1954இலும் உளுந்து 1956இலும் விக்னா பேரினத்துக்கு மாற்றப்பட்டன. உங்கள் கையிலேயே வேறுபாடு இருக்கிறது: உளுந்தின் விதைத்தழும்பு சற்றே மேடாக நடுவில் குழிந்திருக்கும், சிறுபயற்றில் அது தட்டையாக இருக்கும். வேதியியலும் அதையே சொல்கிறது. உளுந்தில் காமா குளூட்டாமைல் மெத்தியோனின் என்னும் சிறு பெப்டைடு (அமினோ அமிலங்கள் இணைந்த குறுஞ்சங்கிலி) இருக்கிறது. சிறுபயற்றில் அந்த இடத்தை காமா குளூட்டாமைல் எஸ்-மெத்தில் சிஸ்டீன் பிடித்திருக்கிறது. இரண்டையும் கலப்பினம் செய்வது கடினம். சிறுபயற்றைத் தாயாக வைத்தால்தான் பெரும்பாலும் காய் பிடிக்கும். தட்டாம்பயறும் விக்னாதான் என்றாலும், அது ஆப்பிரிக்காவில் பழக்கப்பட்ட தனிக் கிளை.

ஒரு பயறு எங்கே பிறந்தது என்பதைப் புரதம் சொல்லுமா? (கல்லூரி மாணவர், தென்காசி)

சொல்லியிருக்கிறது. பீன்ஸின் முதன்மைப் புரதமான ஃபேசியோலின், ஜெல்லில் பல வடிவங்களில் தோன்றுகிறது. பீன்ஸ் ஆய்வாளர் பால் கெப்ட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1986இல் காட்டியபடி, மெக்சிகோ உள்ளிட்ட நடு அமெரிக்கப் பகுதியின் காட்டுச் செடிகளிலும் சிறுவிதைப் பயிர்களிலும் எஸ் வடிவம் மிகுதி. ஆண்டீஸ் மலையின் பெருவிதைப் பயிர்களில் டி வடிவம் மிகுதி. அதாவது, அந்த ஒரே இனத்தை மனிதர் இரண்டு இடங்களில் தனித்தனியே பயிராக்கியிருக்கிறார்கள். சந்தையில் பீன்ஸ் வாங்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

நம் துவரைக்கும் இத்தகைய கதை உண்டு. அட்டிலோசியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்த காட்டுச் செடிகளின் விதைப் புரதத்தைத் துவரையின் புரதத்தோடு லடிசின்ஸ்கி, ஹேமல் என்னும் ஆய்வாளர்கள் 1980இல் ஒப்பிட்டார்கள். பின்னர் 1986இல் தாவரவியலாளர் வான் டெர் மேசன் அந்தப் பேரினத்தையே துவரையின் கஜானஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டார். துவரைக்கு மிக நெருங்கிய காட்டு உறவான கஜானஸ் கஜானிஃபோலியஸ் இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வளர்வது.

கரிசலில் விளைந்ததற்கும் ஆற்றுப் பாசனத்தில் விளைந்ததற்கும் கோடுகள் மாறாதா? (விதை வணிகர், சங்கரன்கோவில்)

கோடு நிற்கும் இடம் மாறாது, அடர்த்தி மாறும். மண்ணில் கந்தகம் குறைந்தால் பட்டாணிச் செடி லெகுமினைக் குறைத்து, கந்தகம் அதிகம் தேவைப்படாத விசிலினைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே உறவைக் கணிக்கும்போது கோட்டின் இருப்பிடத்தைக் கொள்ள வேண்டும். தடிமனை மட்டும் நம்பக் கூடாது.

டிஎன்ஏ வந்த பிறகும் இதற்கு வேலை இருக்கிறதா? (முதலில் கேட்ட மாணவி)

அவரைக் குடும்பம் முழுவதையும் ஆறு துணைக்குடும்பங்களாக வகுத்த 2017ஆம் ஆண்டின் அமைப்பு டிஎன்ஏ வரிசையை அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய பெரிய கேள்விக்கு அதுவே சரியான கருவி. புரதக் கோடுகளில் ஒரு குறையும் உண்டு: இரு செடிகளின் கோடுகள் ஒரே உயரத்தில் நின்றால் எடை ஏறத்தாழ ஒன்று என்று பொருளே தவிர, புரதம் ஒன்றே என்று பொருளாகாது. ஆனாலும் ஒரு விதையின் சிறு துண்டைச் சுரண்டி எடுத்துச் சோதித்துவிட்டு, கரு உள்ள மீதிப் பகுதியை விதைத்து வளர்க்க இம்முறை இடம் தருகிறது. இரகக் கலப்பு இருக்கிறதா என்று பார்க்கவும், செலவு குறைந்த ஆய்வகத்தில் உள்ளூர் மொச்சையையும் காணத்தையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதவும் இது இன்றும் போதும். நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஓர் ஊரின் விதையோடு நிறுத்தாமல், ஒவ்வோர் இரகத்துக்கும் பல செடிகளின் விதையைத் தனித்தனியே எடுத்து வையுங்கள்.