வாகனம் – கேள்வி பதில்: படகு இழுக்க எந்தப் பிக்-அப்?

கேள்வி: 19 அடி ஃபைபர் படகு வாங்கியிருக்கிறோம். றெயிலர், பெற்றோல், சாமான் எல்லாம் சேர்த்து 1,800 கிலோ. வார இறுதிகளில் சிம்கோ ஏரிக்குக் கொண்டுபோக ஒரு பழைய பிக்-அப் தேடுகிறேன். எஞ்சின் பின் சக்கரங்களை மட்டும் சுழற்றும் டூ-வீல் ட்ரைவ் போதும் என்கிறார் அண்ணா. நான்கையும் சுழற்றும் ஃபோர்-வீல் இல்லாமல் எடுக்கவே வேண்டாம் என்கிறார் மச்சான். யார் சொல்வது சரி? – வாசகர், ஸ்காபரோ

பதில்: 404 நெடுஞ்சாலை வரைக்கும் அண்ணா சொல்வது சரி. ஏரிக்கரையில் மச்சான் சொல்வது சரி.

உலர்ந்த தாரில் இழுவையைத் தீர்மானிப்பவை எஞ்சின், அதைக் குளிர்விக்கும் ஏற்பாடு, பின் அச்சின் பல்விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, அதை இயக்கும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) ஆகியவை. 3.55 அச்சுள்ள வண்டியைவிட 3.73 அச்சுள்ளது சுமையை இலகுவாகக் கிளப்பும். ஃபோர்-வீல் இதில் எதையும் கூட்டுவதில்லை. அதன் உறுப்புகளுக்கே நூறு கிலோவுக்கு மேல் எடை இருப்பதால், ஒரே மொடலில் டூ-வீல் வண்டிக்குத்தான் இழுவை எல்லை பெரும்பாலும் சற்று அதிகமாக இருக்கும்.

படகை ஏற்றி இறக்கும் ராம்பில் கணக்கு மாறும். 13 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 2,200 கிலோ வண்டியும் 1,800 கிலோ படகும் சேர்ந்து ஏறுவதற்குச் சுமார் 520 கிலோ விசை வேண்டும். டூ-வீலில் அந்த விசை முழுவதும் பின் ரயர்கள் வழியாகத்தான் வரவேண்டும். றெயிலரைக் கொளுவும் ஹிட்ச் பந்தின் மேல் விழும் பாரத்தையும் சேர்த்து, பின் அச்சில் நிற்பது ஏறக்குறைய 1,200 கிலோ. ஆகவே உராய்வுக் குணகம் (ரயரின் பிடிப்பு அதன் மேல் நிற்கும் எடையில் எத்தனை பங்கு என்பது) 0.43 ஆவது வேண்டும். சுத்தமான கொங்கிறீற் நனைந்திருந்தாலும் அதைத் தரும். பாசி தராது. பாசி படிவதோ நீர்க்கோட்டை ஒட்டி, சரியாகப் பின் ரயர் நிற்கும் இடத்தில். ஃபோர்-வீலில் முன் சக்கரங்கள் மூன்றரை மீற்றருக்கு மேலே, உலர்ந்த கொங்கிறீற்றில் நின்று இழுக்கின்றன. நான்கு சக்கரம் என்ற எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய லாபம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கைப்பிறேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும். டூ-வீலில் 'பார்க்' கியரும் பின் சக்கரங்களைத்தான் பூட்டுகிறது. பின் ரயர்கள் பாசியில் நின்றால், பூட்டிய சக்கரங்களோடே வண்டி ஏரிக்குள் வழுக்கிப் போகும். பார்ட்-டைம் ஃபோர்-வீலை (தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களையும் இணைக்கும் வகை) இணைத்துவிட்டு 'பார்க்' போட்டால் முன் சக்கரங்களும் பூட்டப்படும். எந்த வண்டியானாலும் முன் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை வையுங்கள்.

உங்கள் 1,800 கிலோவுக்கு ஃபோர்-வீல் எடுங்கள். படகும் றெயிலரும் ஒரு தொன்னுக்குள் அடங்கி, எப்போதும் ஒரே நல்ல கொங்கிறீற் ராம்புக்கே போவதென்றால், பின் டிஃபரன்சியல் லொக் (இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) உள்ள டூ-வீல் போதும் என்றிருப்போம். ஆனால் சட்டகம் துருப்பிடித்த ஃபோர்-வீலையும் துருவில்லாத டூ-வீலையும் பக்கத்தில் நிறுத்தினால் டூ-வீலையே எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் வீதிக்குப் போடும் உப்பு ஹிட்ச் பூட்டிய இடத்தையும் தின்னும். கீழே குனிந்து சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

பிறேக்குக்கு ஃபோர்-வீல் உதவாது. மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள றெயிலருக்குத் தனி பிறேக் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். உங்களுடையது அந்த எல்லைக்கு மேல்.

கேள்வி: என்னிடம் இருப்பது டூ-வீல். ஆவணியில் தண்ணீர் இறங்கியதும் படகை ஏற்றும்போது ரயர் சுழல்கிறது. என்ன செய்யலாம்? – வாசகர், பிராம்ப்டன்

பதில்: சுழலத் தொடங்கியதும் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சுழலச் சுழலப் பாசி கூழாகி இன்னும் வழுக்கும், வண்டியும் பக்கவாட்டில் நகரும். கைப்பிறேக்கை இழுத்து, கட்டை வைத்து, இரண்டு ரயர்களுக்கும் முன்னால் ஒரு மீற்றர் தூரத்தைக் கடினமான துடைப்பத்தால் தேய்த்து மணல் தூவுங்கள். பிறகு இரண்டாவது கியரில், எஞ்சினை முறுக்காமல் மெல்லக் கிளப்புங்கள்.

அடுத்த முறை பின் அச்சுக்கு நேர் மேலே நூறு கிலோ மணல் மூட்டை போட்டுக்கொண்டு போங்கள். அந்த எடையைச் சேர்த்தும் வண்டியின் சுமை எல்லைக்குள் இருக்கிறதா என்று கதவோர ஒட்டுத்தாளில் பாருங்கள். றெயிலரையும் தேவைக்கு மேல் ஆழமாக இறக்க வேண்டாம். படகின் முன்பகுதி உருளையில் தொட்டதும் நிறுத்தி, மீதியை வின்ச்சால் இழுத்தால் பின் ரயர் பாசிக்கு மேலேயே நிற்கும். தண்ணீர் இறங்கிய காலத்தில் ஆழமாகப் போனால் இன்னொரு ஆபத்தும் உண்டு: கொங்கிறீற் முடியும் விளிம்புக்கு அப்பால் றெயிலர் சக்கரம் விழுந்தால் எந்த வண்டியாலும் இழுப்பது கடினம்.

கேள்வி: ஃபோர்-வீல் வண்டிதான். ராம்பிலிருந்து ஏறி, வாகனத் தரிப்பிடத்தில் திருப்பும்போது முன்புறம் இடித்து இடித்து நகர்கிறது. பின் டிஃபரன்சியல் ஒயிலும் பால் நிறமாக இருக்கிறது. – வாசகர், மார்க்கம்

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள். பார்ட்-டைம் ஃபோர்-வீலில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடவேண்டும். உலர்ந்த தாரில் ரயர் வழுக்கிக்கொடுக்காததால் அந்த வித்தியாசம் கியர்களை முறுக்குகிறது. ராம்பில் நேராக ஏறியதும், திருப்புவதற்கு முன்பே 2எச்-க்கு (சாதாரண டூ-வீல் நிலைக்கு) மாற்றிவிடுங்கள். 4லோ (மெதுவான, விசை கூடிய ஃபோர்-வீல் நிலை) போடுவதென்றால் வண்டியை நிறுத்தி, நியூற்றலில் வைத்து மாற்ற வேண்டும்.

பால் நிற ஒயில் என்றால் உள்ளே தண்ணீர். நெடுஞ்சாலையில் சூடான அச்சைக் குளிர்நீரில் இறக்கும்போது உள்ளே காற்று சுருங்கி, வெடித்த சீல் வழியாகவோ தாழ இருக்கும் மூச்சுக்குழாய் (அச்சுக்குள் காற்று போய்வரும் சிறு குழாய்) வழியாகவோ நீரை உறிஞ்சும். ஒயிலை உடனே மாற்றி, சீலைப் பார்த்து, மூச்சுக்குழாயை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். றெயிலர் பேரிங்குகளுக்கும் இதே கதிதான். போய்ச் சேர்ந்ததும் கால் மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். அந்த நேரத்தில் பின் பட்டிகளைக் கழற்றலாம், வடிகால் அடைப்பானைப் பூட்டலாம், விளக்கு வயரைப் பிடுங்கலாம். திரும்பும்போது வீதிக்கு ஏறுமுன் அந்த அடைப்பானைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டிய நீர்ச்செடிகளை அகற்ற வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் அது கட்டாயம்.