எத்தனை தாய் மரங்கள்?

கேள்வி: அழியும் நிலையில் உள்ள ஒரு மரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் நாற்று எடுத்து நட்டுவிட்டால் அந்த இனம் பிழைத்துவிடும்தானே? அப்புறமும் ஏன் மரபணுப் பன்மை, அதாவது மரத்துக்கு மரம் மரபணுவில் இருக்கும் வேறுபாடு, என்று கவலைப்படுகிறீர்கள்?

பதில்: இருபது வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் "பிழைத்துவிடும்" என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது ஓர் அரிய மரத்துக்கு விதை சேகரிக்கப் போயிருந்தேன். பாதையோரம் ஒரே ஒரு மரம் கிளை தாழக் காய்த்து நின்றது. மற்றவை தூரத்தில், செங்குத்தான சரிவில். பக்கத்தில் இருந்ததிலேயே பை நிறையப் பறித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

விதைத்துப் பார்க்குமுன் சிலவற்றைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்ப்போம். நல்ல விதையில் பருப்பு வெள்ளையாக, ஓடு முட்ட நிறைந்திருக்கும். நான் கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் வெறும் கூடு. உள்ளே பழுப்பாக ஒரு காய்ந்த சவ்வு மட்டும் ஒட்டியிருந்தது. முளைத்த நாற்றுகளிலும் பல வெளிறிப்போய் நின்றன.

மகரந்தம் கொடுக்க அக்கம்பக்கத்தில் வேறு மரம் இல்லாமல், அந்த மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தது. எல்லா மரத்திலும் பழுதான மரபணுக்கள் கொஞ்சம் மறைந்திருக்கும். மரபணுக்கள் ஜோடியாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். தன்னோடு தானே கலந்தால் இரண்டு பழுதும் ஒரே விதையில் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

தொல்லெச்ச மரங்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஒரு காலத்தில் பரந்து கிடந்து, காலநிலை மாறியதும் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் ஒதுங்கித் தப்பியவை அவை. சிசிலித் தீவின் செல்கோவா சிகுலாவைப் பாருங்கள். 1991-ல் கண்டுபிடிக்கப்பட்ட மரம் அது. இரண்டே இடங்களில் இருக்கிறது. இரண்டாவது கூட்டம் 2009-ல்தான் தெரியவந்தது. கண்ணுக்கு நூற்றுக்கணக்கில் மரங்கள். மரபணுவைப் பார்த்தால் ஒவ்வோர் இடத்திலும் இருப்பது ஒரே மரத்தின் நகல்கள். வேரிலிருந்து கிளைத்துக் கிளைத்தே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறது. முளைக்கும் விதை அதற்குக் கிடையாது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் வொல்லமி பைன் 1994-ல் கண்டுபிடிக்கப்பட்டது. காட்டில் முழுதாக வளர்ந்து நிற்கும் மரங்கள் நூறுகூடத் தேறாது. மரத்துக்கு மரம் வேறுபாடு மிக மிகக் குறைவு. வேரை அழுக வைக்கும் பைட்டோப்தோரா என்ற கிருமி அங்கே நுழைந்துவிட்டது. ஒரு மரத்தைச் சாய்க்கும் நோய் அடுத்ததையும் சாய்க்கும். தாக்குப்பிடிக்க வேறு ரகமாக ஒன்று இருந்தால்தானே? 2019–20 காட்டுத்தீயின்போது தண்ணீர் தெளித்தும் ஹெலிகாப்டர்களை அனுப்பியும் அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றினார்கள். அந்த மனிதர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

சரி, என்ன செய்வது? வளமாகக் காய்த்த மரத்தோடு நிற்காமல் சரிவில் ஏறுங்கள். விதை எடுக்க ஐம்பது தாய் மரங்களாவது வேண்டும் என்பது விதை வங்கிகளின் பொதுவான கணக்கு. அத்தனை இல்லையென்றால் இருப்பதில் எல்லாவற்றிலும் எடுங்கள், மெலிந்ததையும் விடாதீர்கள். ஒவ்வொரு தாயின் விதையும் தனி உறையில் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிவிட்டால் எந்த நாற்று யாருடையது என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. கிளையை வெட்டிப் போத்தாக நட்டுப் பெருக்குவது அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் அது நகல். எத்தனை நட்டாலும் ஒரு மரக் கணக்குதான்.

கேள்வி: தாவரவியல் பூங்காவில் தனியாக நிற்கும் ஓர் அரிய மரத்தால் இனத்துக்குப் பயன் உண்டா?

பதில்: உண்டு, அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு பத்திரமாக இருந்தால். மெட்டாசிக்கோயா என்ற மரத்தை 1941-ல் புதைபடிவமாகத்தான் அறிந்திருந்தார்கள். பின்பு சீனாவில் உயிரோடு கிடைத்தது. 1948 வாக்கில் அனுப்பப்பட்ட விதைகளிலிருந்து உலகெங்கும் மரங்கள் எழுந்தன. அவற்றில் பல ஒற்றையாக நின்று, நான் வெட்டிப் பார்த்தது போன்ற பொக்கு விதைகளையே அதிகம் கொடுக்கின்றன. பக்கத்தில் வேறொரு தாயின் பிள்ளை நின்றால் நிலைமை மாறும். அதற்கு முதலில் இந்த மரத்தின் தாய் யார் என்று தெரிய வேண்டும். அடுத்த முறை போகும்போது, மரத்தடிப் பலகையில் இனத்தின் பெயருக்குக் கீழே சின்னதாக ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைப் பிடித்துப் பூங்காவின் பதிவேட்டில் தேடினால் தாயைப் பற்றிய குறிப்பு கிடைக்கக்கூடும்.