முப்பது வயதுக்குள் பர்ன்அவுட்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எடுத்த பர்ன்அவுட் (வேலை அழுத்தத்தால் நொந்து சோர்ந்துபோவது) சர்வேயில், பாதிக்கப்பட்டவர்களில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களும் கல்யாணமாகாதவர்களும்தான் அதிகம் இருக்கிறார்கள். இனி ஆள் எடுக்கும்போதே வயது, குடும்ப நிலையைப் பார்த்து எடுக்கலாமா?
– ஒரு மனிதவள மேலாளர்

பதில்: கூடவே கூடாது. அது அநியாயம், கணக்கும் தப்பு.

இளையவர்களிடம் பர்ன்அவுட் கூடுதலாகத் தெரிவது பல ஆய்வுகளில் வருவதுதான். ஆனால் உங்கள் சர்வேயில் பதில் சொன்ன நாற்பது வயதுக்காரர்கள் யார்? தாக்குப்பிடித்தவர்கள். நொந்துபோய் ராஜினாமா செய்தவர்கள் அந்தத் தாளில் இல்லவே இல்லை. தவிர, புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் இரவு ஷிப்ட். எந்த வேலையை எப்போது முடிப்பது என்று சொல்லும் உரிமையும் அவருக்குக் கிடையாது. ஒரே பதவி, ஒரே ஷிப்ட், ஒரே பணிக்காலம் உள்ளவர்களுக்குள் வயதை ஒப்பிடுங்கள். அப்போதும் மிஞ்சுகிற வித்தியாசத்தை வேண்டுமானால் வயதின் பெயரில் எழுதலாம்.

கல்யாணமாகாதவர் கதையும் இதுவே. 'உனக்கென்னப்பா, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?' என்று கடைசி நேர வேலை யார் தலையில் விழுகிறது? மூன்று மாத ஷிப்ட் பட்டியலை எடுத்து, விடுமுறை நாள் வேலை யார் பெயரில் எத்தனை என்று எண்ணுங்கள்.

மொத்த மதிப்பெண் ஒன்றை வைத்துத்தான் பேசுகிறீர்களா? பர்ன்அவுட்டை அளக்க 1981-இல் வந்த மாஸ்லாக் அளவுகோலில் 22 கேள்விகள்: உணர்வுச் சோர்வுக்கு 9, மனிதர்களிடம் மரத்துப்போவதற்கு 5, சாதித்த நிறைவுக்கு 8. நிறைவில் மட்டும் மதிப்பெண் ஏறினால் நல்லது. மூன்றையும் கூட்டினால் ஒன்றும் புரியாது. 183 ஆய்வுகளைத் தொகுத்த 2010-ஆம் ஆண்டு அலசலில், பெண்களிடம் சோர்வும் ஆண்களிடம் மரத்துப்போதலும் சற்றே கூடுதல். கூட்டிப் போட்டால் இந்தச் சின்ன வித்தியாசமும் அடிபட்டுப் போகும்.

எதற்கும் பதறும் சுபாவத்துக்கும் பர்ன்அவுட்டுக்கும் தொடர்பு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதற்றத்துக்குத் தீனி போடுவது இரவு பத்து மணிக்கு வரும் 'அவசரம்' மெசேஜ். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது.

இன்னொன்று: பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்குத் தனி எண் வெளியிடாதீர்கள். வயது, பாலினம், பிரிவு மூன்றும் சேர்ந்தால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். அப்புறம் அடுத்த சர்வேயில் ஒருவரும் உண்மையை எழுதமாட்டார்கள்.