படிக்கத் திரும்பும் டோங்கத் தாய், பாய் முடைவதை விட்டுவிட வேண்டுமா?

பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு மீண்டும் படிக்க வரும், பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த பெண்ணால் மரப்பட்டைத் துணி, பாய் போன்ற மரபுக் கைவினைகளையும் தொடர முடியுமா, படிப்பு முடியும்வரை அவற்றை ஒதுக்கிவைப்பது நல்லதல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடர முடியும். ஒதுக்கிவைக்கச் சொல்வது தவறான அறிவுரை என்றே கருதுகிறேன். நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில், வயதுவந்த பிறகு கல்லூரிக்கு வருவோருக்குக் கட்டுரை எழுதப் பயிற்சி அளிக்கும் பணியில் இருப்பதால், டோங்கத் தாய்மார் பலரோடு பழகியிருக்கிறேன்.

இக்கைவினையைப் பொழுதுபோக்காக எண்ணுவதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. பெண்கள் கையால் உருவாகும் பாய்களையும் 'ஙாத்து' எனப்படும் மரப்பட்டைத் துணியையும் டோங்கர்கள் 'கோலோவா', அதாவது குடும்பத்தின் செல்வம் என்கிறார்கள். திருமணமாயினும் சாவு வீடாயினும் அவற்றைக் கொண்டுசென்று வைப்பது உறவின் கடமை. காகித மல்பெரிச் செடியின் உட்பட்டையை உரித்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மரக்கட்டையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து அகலப்படுத்துகிறார்கள். பிறகு பெண்கள் பலர் நீண்ட பலகையின் இருபுறமும் அமர்ந்து, அடியில் வைத்த அச்சின் கோலம் மேலே எழும்படி சாயம் தேய்த்து, துண்டு துண்டாக ஒட்டி நீட்டிக்கொண்டே செல்வார்கள். ஐம்பது பகுதிகள் கொண்ட ஙாத்துக்கு 'லௌனிமா' என்றே தனிப்பெயர் உண்டு. தனியொருத்தியால் முடிகிற வேலையன்று இது. தாழை மடலை வெயிலில் வெளுக்கவைத்துக் கீறிப் பாய் முடைவதற்கும் பெண்கள் குழுவாகவே கூடுகிறார்கள்.

அந்தக் குழுதான் படிக்கும் தாய்க்குப் பெரும் துணை. ஒருத்தி தேர்வுக்குச் செல்லும்போது அவளுடைய பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்பவர்களும், அவள் பங்குப் பாயை முடித்துக்கொடுப்பவர்களும் அக்குழுவில் இருப்பவர்களே. கைவினையைக் கைவிடுகிறவள் அந்தத் துணையையும் சேர்த்தே இழக்கிறாள்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. சாவு நாள் குறித்து வருவதில்லை. என்னிடம் பயின்ற, முன்பள்ளி ஆசிரியைப் படிப்பில் இருந்த ஒரு தாய்க்குக் கட்டுரை ஒப்படைக்கும் வாரத்தில் நெருங்கிய உறவினர் இறந்துவிட்டார். கொடுக்க வேண்டிய பாய்களைத் திரட்டுவதும் அடுக்களைப் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தன. கூடுதல் நாள் கேட்கவே அவர் தயங்கினார், கேட்டதும் கிடைத்தது. ஆகவே பருவம் தொடங்கும்போதே பேராசிரியரிடம் இந்தக் கடமைகளைச் சொல்லிவைக்குமாறு எல்லோரையும் வற்புறுத்துகிறேன்.

அந்தத் தாய் தம் அடுத்த கட்டுரையை, பாயின் பின்னலைக் கொண்டு சிறுவர்க்கு எண்களையும் வடிவங்களையும் அறிமுகப்படுத்துவது பற்றி எழுதினார். அவர் எழுதியவற்றுள் அதுவே மிகச் சிறந்தது. டோங்கக் கல்வியாளரும் கவிஞருமான கோனாய் ஹேலு தாமன், பூப்பறித்தல், தொடுத்தல், பிறருக்கு அளித்தல் என்னும் மாலை கட்டும் முறையையே கல்விக்கும் ஆய்வுக்கும் ஒரு சட்டகமாக வகுத்திருப்பதை அவருக்கு அறிமுகப்படுத்தினேன். வீட்டில் கற்றதைப் பாடத்தில் மேற்கோள் காட்டலாம் என்ற துணிவு அதன்பிறகே அவருக்கு வந்தது.

நியூசிலாந்தில் மரப்பட்டை எளிதில் கிடைக்காததால், தையற்காரர்கள் உள்ளே வைத்துத் தைக்கும் விலீன் துணியைக் கொண்டும் ஙாத்து செய்கிறார்கள். அது உண்மையான ஙாத்து ஆகுமா என்ற வாதம் இருக்கிறது; வேலை நேரத்தைப் பெரிதும் குறைப்பதால் படிக்கும் தாய்க்கு அது தகுந்த வழி என்பேன். டோங்காவிலேயே அரசி சாலோத்தே 1953இல் 'லங்காஃபோனுவா' என்னும் பெண்கள் அமைப்பைத் தொடங்கிக் கைவினைக்கு ஊக்கமளித்தார். காலத்துக்கேற்ற ஏற்பாடு அம்மரபுக்குப் புதிதன்று.

நீங்கள் அத்தகைய ஒருவருக்கு உதவ விரும்பினால், குழு கூடும் நாள்களை முதலில் கேட்டு, படிப்பு அட்டவணையை அவற்றைச் சுற்றி அமையுங்கள்.